மாதாமாதம் ஷமீமாவின் எடை

பிரியா என்னோடு வேலை பார்த்தவள் அல்ல. நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து நான் இருந்த குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வந்த நர்ஸ். பம்பாய்ச் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவாள். போன வாரம் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த உற்சாகத்தில் இருந்தாள்.

"ஆன்ட்டி, ஏடிஹெச்டி பசங்களுக்கு மூளையை மட்டும் பாத்தா போதாதாம். தூக்கம், எடை, மூச்சு, தோல், ரத்தத்துல இரும்புச்சத்து, எல்லாம் பாக்கணுமாம். புதுசா சொல்லிக் குடுத்தாங்க."

புதுசாம். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. கவனம் ஒரு இடத்தில் தங்காத பிள்ளைகளுக்கு இப்போது சொல்கிற இந்த ஏடிஹெச்டி என்ற பெயர் எண்பதுகளில் எங்கள் வாயில் புழங்கவில்லை. 'அடங்காத பிள்ளை' என்று சொல்லிக் கூட்டி வருவார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் கால் நகம் வரை நாங்கள் பார்த்தோம் என்றேன். "அப்ப எழுதி வைங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்து முடித்துப் போய்விட்டாள். ஊதுகிற சங்கை ஊதி வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கவும் ஊசி போடவும் கற்றேன், கல்யாணமாகி பம்பாய் வந்தேன். வீட்டுக்காரருக்கு டிராம்பேயில் வேலை. எனக்கு ஒரு பொது மருத்துவமனையில் கிடைத்தது. வார்டு வார்டாக உருட்டிய பிறகு என்னைக் குழந்தைகள் மனநலப் பிரிவில் கொண்டு போட்டார்கள். யாரும் விரும்பிப் போகாத இடம். ஒரு நீள அறை, ஒரு எடை மெஷின், ஒரு டாக்டர், அவ்வளவுதான் அந்தப் பிரிவு.

டாக்டர் சேஷாத்ரி மாட்டுங்காக்காரர். மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். சேர்ந்த முதல் வாரம் ஒரு பையனின் சீட்டில் 'துறுதுறுவென்று இருக்கிறான்' என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், "சிஸ்டர், துறுதுறுங்கறது எத்தனை கிலோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அப்படி எழுதவில்லை.

அவருடைய முறை இது. பிள்ளையைக் கூட்டி வந்தவர்கள் வாசலிலேயே கதையை ஆரம்பிப்பார்கள். ஸ்லேட்டை உடைத்தான், தங்கச்சியைத் தள்ளினான், ஒரு நிமிஷம் உட்காருவதில்லை, ஒரே மஸ்தி. பம்பாயில் சேட்டைக்கு அதுதான் பெயர். டாக்டர் கையைத் தூக்குவார். "அதெல்லாம் அப்பறம் சொல்லுங்கோ. முதல்ல ராத்திரி எப்படித் தூங்கறான், அதைச் சொல்லுங்கோ." தாராவியிலிருந்து வருகிற அம்மாக்களுக்கு இந்தக் கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம். ஒரே அறையில் ஒட்டி ஒட்டிப் படுக்கிற குடும்பம், யார் குறட்டை விட்டார், யார் உதைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது என் வேலை. செருப்பைக் கழற்றி எடை. குதிகால் சுவரைத் தொட உயரம். நாடியை முழு நிமிஷம் எண்ண வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரட்டித்தால் அவருக்குத் தெரிந்துவிடும், எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு பிள்ளைக்குக் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்து, அது படம் வரைந்து கொஞ்சம் அடங்கியதும் மறுபடி நாடி. அதற்கப்புறம் டாக்டர் முட்டி போட்டுத் தரையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து ஆரம்பிப்பார். "முகத்தைப் பாத்தா குழந்தை பயப்படறது. காலைப் பாத்தா சிரிக்கறது" என்பார். பாதம், கெண்டைக்கால், முட்டிக்குப் பின்னால் சொறி இருக்கிறதா, வயிறு, நெஞ்சில் இழுப்பு, தொண்டைச் சதை, மூக்கு, பல், கண் என்று மேலே போவார். காது பார்ப்பது என் பொறுப்பு. பின்னால் நின்று ஒரு காதை மூடிக்கொண்டு மற்றக் காதில் மெல்லச் சொல்ல வேண்டும். நான் 'பிஸ்கட்' என்றுதான் சொல்வேன், எல்லாப் பிள்ளையும் டக்கென்று திரும்பிவிடும். அந்த வார்த்தையை அவர் தடை செய்துவிட்டார்.

இப்படிப் பார்த்ததில் சிலருக்கு விஷயம் சுலபமாக முடிந்துவிடும். வடாலாவிலிருந்து வந்த ஒரு பையனுக்குத் தொண்டைச் சதை வீங்கி, இரவெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு விட்டிருக்கிறான். சதையை எடுத்ததும் தூங்கினான், பகலில் பாதி சேட்டை போய்விட்டது. இதற்கு நேர்மாறாக மாட்டுங்காவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஆனால் நாற்காலியில் நிற்கவும் மாட்டான் உட்காரவும் மாட்டான். அந்த அப்பா கெஞ்சினார்: "டான்சில்னு எழுதிடுங்கோ டாக்டர், ஆத்துல சொல்லிக்கலாம்." டாக்டர் எழுதவில்லை.

"உடம்புல இருக்கறதையும் பாக்கணும், அதைத் தாண்டி இருக்கறதையும் பாக்கணும் சிஸ்டர். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இல்லேன்னு ஆயிடாது" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார். தலையாட்டினேன். ஷமீமா வரும்வரை அது எனக்குப் புரிந்திருந்தது என்று சொல்ல முடியாது.

ஷமீமாவுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். தாராவியில் அவள் வாப்பா காதருக்குத் தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அவளை வகுப்பில் வைத்துச் சமாளிக்க முடியவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுங்கள் என்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளைப் 'பாகல்' என்றே கூப்பிட்டார்கள், பைத்தியம் என்று அர்த்தம். காதர் வரும்போதே ஒரு முடிவோடு வந்திருந்தார்.

"எங்க அக்கா ஊர்ல இருக்கா டாக்டர். அங்க கொண்டு விட்டுட்டா வீட்டுக்குள்ளயே வச்சி அடக்கிருவா. பள்ளிக்கூடமெல்லாம் வேண்டாம். பைத்தியம் இல்லைன்னு மட்டும் நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டியன்னா போதும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஆயிஷா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு மகளை அனுப்ப இஷ்டமில்லை என்று பார்த்த எனக்கே தெரிந்தது. ஷமீமா இதற்குள் மேஜைக்கு அடியில் போய், என் செருப்பு வாரை அவிழ்த்து மாட்டி, ஜன்னலில் ஏறி இறங்கிவிட்டாள்.

டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். "தூக்கமா? ராத்திரிபூரா கால உதைச்சிக்கிட்டே கெடப்பா டாக்டர். சைக்கிள் மிதிச்ச மாதிரி" என்றார் ஆயிஷா. "ஸ்லேட்டுக் குச்சிய வேற தின்னுதா. வாங்கிக் குடுத்து மாளல."

நாடி வேகமாக ஓடியது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, காகிதம் போல இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். கீழ்ப் பற்களின் உள்பக்கம் பழுப்பாகக் கறை படிந்திருந்தது. டாக்டரும் குனிந்து பார்த்தார்.

"டீ நிறையக் குடிப்பாளோ?"

ஆயிஷா அவசரமாக மறுத்தார். "ஐயோ, டீயே குடுக்க மாட்டோம் டாக்டர். பொம்பளப் புள்ள டீ குடிச்சா கறுத்துப் போயிரும்லா? எங்க வீட்ல பொண்ணுவளுக்கு டீ கெடையாது."

காதர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷமீமாதான் ஜன்னலிலிருந்து கத்தினாள். "பட்டறைக்கு டீ வாங்கிட்டு வாறது நாந்தான்! கெட்டில்ல மிச்சம் கெடக்குறது எல்லாம் எனக்குத்தான்!"

உட்கார முடியாத பிள்ளையை உட்காரச் சொல்லி அலுத்துப்போன காதர், பட்டறை ஆட்களுக்குத் தேநீர் வாங்கிவர அவளை ஓடவிட்டிருந்தார். அவள் அதை மிக நன்றாகச் செய்தாள். சோறு தின்பதற்கு முன்னும் பின்னும் கெட்டிலில் மிஞ்சிய தேநீர், அவளுக்குக் கிடைத்த சம்பளம். ஆயிஷா புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. குழந்தையைக் கூப்பிட்டு அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். நகம் நடுவில் பள்ளமாக, கரண்டி போல இருந்தது. என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கி அதன் மேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு அப்படியே நின்றது. பிறகு காதரின் நகத்தில் ஒரு சொட்டு விட்டார். அது வழிந்து ஓடிவிட்டது. காதர் இரண்டு நகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரத்தத்துல இரும்பு இல்லே. சாப்பாட்டோட டீ குடிச்சா சாப்பாட்டுல இருக்கற இரும்பும் உடம்புல ஒட்டாது. வயத்துல பூச்சியும் இருக்கலாம். இது ஒரு வியாதி. பைத்தியம் இல்லே. ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம், இங்கேயே பாக்கலாம்."

காதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூச்சி மருந்து, இரும்பு டானிக், ஈரல், முருங்கைக்கீரை, டீ கூடாது. டானிக் குடித்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று ஆயிஷாவிடம் நான் தனியாகச் சொல்லி அனுப்பினேன். டானிக் குடித்தால் பிள்ளையும் கறுக்குமா என்று கேட்டார். கறுக்காது என்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

சில மாதங்களில் நகம் நிமிர்ந்தது. கண் இமையில் சிவப்பு வந்தது. ராத்திரி உதை நின்று, ஆயிஷாவும் தூங்கினார். ஸ்லேட்டுக் குச்சி தின்பது போயே போய்விட்டது. காதர் ஒரு பெட்டி மாஹிம் அல்வா வாங்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். நான் இரண்டு துண்டு தின்றேன். எனக்கும் பெருமைதான். அந்த நேரத்தில் ஷமீமா அல்வாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, குதித்து, தாழ்வாரத்தில் ஓடி, ஒரு வார்டு பாயின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். காதர் சிரித்தார், நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"மாசம் ஒருதரம் வந்துண்டிருங்கோ" என்றார். நல்லாயிட்டாளே என்று அவர்கள் வரவில்லை.

மழைக்காலம் முடிந்து மறுபடி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் திரும்பவும் கூப்பிட்டுவிட்டிருக்கிறார்கள். ஷமீமாவின் முகத்தில் நல்ல தெளிச்சி, கன்னம் பூசியிருந்தது. ஆனால் அவள் மேஜைக்கு அடியில் போகவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர் வழக்கம் போலத் தரையில் உட்கார்ந்து பாவாடையைக் கொஞ்சம் விலக்கினார். கெண்டைக்காலில் வரிவரியாகத் தடிப்பு. தோல் பட்டறையில் வாருக்கா பஞ்சம்?

டாக்டர் குரல் இறங்கியது. "என்ன காதர் இது?"

காதர் ஒளிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தித்தான் பேசினார். "நோவு இருந்துச்சு, மருந்து குடுத்திய, போயிட்டு. நீங்கதான சொன்னிய? ரத்தம் நல்லா இருக்கு, நகம் நல்லா இருக்கு, தூங்குதா, திங்கா. இப்ப அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாமயும் ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கான்னா அது திமிருதான? அடியாத மாடு படியாதும்பாங்க. நோவுள்ள புள்ளையா இருந்தவரைக்கும் நான் ஒருநாளும் கை வச்சதில்ல டாக்டர். கேளுங்க அவள."

ஆயிஷா ஆமாம் என்று தலையசைத்தார். அதுதான் என்னை உலுக்கியது. காதர் பொய் சொல்லவில்லை. அவள் வெளிறிக் கிடந்தவரை பாவப்பட்ட பிள்ளை. நாங்கள் ரத்தம் ஊற வைத்து, நகத்தை நிமிர்த்தி, அவளுடைய ஒரே சாக்கையும் எடுத்துக்கொண்டுவிட்டோம். நான் அல்வா தின்றிருக்கிறேன்.

"ஒரு வியாதி போச்சு காதர். இன்னொண்ணு இருக்கு. அது அவ பொறந்ததுலேர்ந்து இருக்கு. மனசை ஒரு எடத்துல நிறுத்த அவளால முடியலே. வேணும்னு பண்ணலே."

"காட்டுங்க."

"என்னது?"

"அன்னைக்கு நகத்தக் காட்டுனியள்லா? தண்ணிய விட்டுக் காட்டுனிய, நான் நம்புனேன். இதையும் காட்டுங்க. எங்க இருக்கு?"

டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். எடை மெஷின் இருந்தது, டார்ச் இருந்தது, இதைக் காட்ட ஒன்றும் இல்லை. வெளியே பெஞ்சில் வேறு யாருடைய குழந்தையோ அழுதுகொண்டிருந்தது. ஷமீமாவுக்குக் கவனத்தை நிறுத்தும் மாத்திரையைக் கொடுக்கலாம், ஆனால் அது பசியைக் குறைக்கும், இப்போதுதான் தேறிய உடம்பு என்று அவர் தயங்குவது எனக்குத் தெரியும். காதர் காத்திருந்தார். அவரிடமும் கோபம் இல்லை. காட்டினால் நம்பத் தயாராக இருந்த மனிதர். காட்டாவிட்டால் அடுத்த வாரம் மகளை ஊருக்கு ரயிலேற்றிவிடுவார்.

கடைசியில் டாக்டர் சொன்னார். "காட்ட முடியாது. என்னால முடியலே. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒரு தோலை ரெண்டு பேர் அளவெடுத்து, ரெண்டு பேரும் அவா அவா கணக்குக்கு வெட்டினா, பை விளங்குமோ?"

காதர் யோசித்தார். தொழில் கேள்வி என்பதால் நிஜமாகவே யோசித்தார். "விளங்காது. தோலு பாழாப் போகும்."

"அதான். நான் ஒரு பக்கம் வைத்தியம் பாக்கறேன், நீங்க ஒரு பக்கம் வாரால பாக்கறேள். அடி வாங்கின குழந்தைக்கு நாடி ஏறும், தூக்கம் கெடும், எடை எறங்கும். என் கணக்கு பூராத் தப்பிடும். ஒண்ணு, நீங்க பாருங்கோ, நான் விட்டுடறேன். இல்லே, என்கிட்ட விட்டுட்டு வாரை வெச்சுடுங்கோ. ஊருக்கும் அனுப்பப்படாது. மாசம் ஒருதரம் இங்கே கூட்டிண்டு வரணும்."

காதர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "எத்தன மாசத்துக்கு?"

"நான் போதும்கற வரைக்கும்."

"சரி" என்றார். அரை மனசுதான்.

பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் சொல்லியனுப்பினார். முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள், பாடத்துக்கு நடுவே சாக்பீஸ் எடுத்து வர, தண்ணீர் கொண்டு வர அவளை அனுப்புங்கள் என்று. தலைமையாசிரியை முணுமுணுத்தாலும் செய்தார். ஷமீமா எல்லோரையும் போல ஆகிவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கில் தோற்றாள், சண்டை போட்டாள், குடையைத் தொலைத்தாள், மறுபடி வாங்கிக் கொடுத்த குடையையும் தொலைத்தாள். ஆனால் அவள் பெயரைப் பள்ளியிலிருந்து யாரும் எடுக்கவில்லை. ஊருக்கும் போகவில்லை.

காதர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். மாதாமாதம் பட்டறையை விட்டுவிட்டு மகளோடு வந்து பெஞ்சில் உட்காருவார். ஒரே ஒரு முறை, நாங்கள் பார்ப்பதற்கு முன்பே எழுந்து நின்று, "ஒரு அடி வச்சிட்டேன் டாக்டர். கைமீறிப் போச்சு. உங்க கணக்குல சேத்துக்கிடுங்க" என்றார். டாக்டர் முகம் மாறாமல், "சேத்துண்டேன்" என்றார். அதற்கப்புறம் சேர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு வருஷம் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே கூட்டம் நெரிகிறது, இந்தப் பிள்ளையின் எடை மாதம் தவறாமல் சரியாகத்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. "இன்னும் எதுக்கு டாக்டர் இவளுக்கு எடை?" என்று கேட்டேன்.

"எடை மெஷின்ல ஏறணும்னா செருப்பைக் கழட்டிட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுண்டு நிக்கணும் இல்லையா சிஸ்டர்? அப்போ கெண்டைக்கால் தெரியும். அதுக்குத்தான்" என்றார்.

பிறகு நான் கேட்கவில்லை. டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் இந்தக் கேஸைப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது, முடித்துவிடலாமே என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஷமீமா ஏழாவது படிக்கும்போது ஒருநாள், எடை மெஷினில் ஏறி நின்றாள். என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். வலது கால் மட்டும் நிற்காமல் தாளம் போட்டதால் முள் ஆடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் சும்மா நில்லேன் என்றேன். நின்றாள். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்தாள்.

"சிஸ்டர், என் எடையில ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும்." கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. "வாப்பாட்டச் சொல்லிராதிய."

அவளை இறக்கிவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தேன். பெஞ்சில் இருந்த காதர் எழுந்தார்.

"அடுத்த மாசமும் கண்டிப்பா கூட்டிட்டு வரணும் காதர் பாய்" என்றேன். "இன்னும் பாக்க வேண்டியிருக்கு."